‘என்று’ முடித்து வைக்கும். தொடங்கி வைப்பது எது? மேற்கோள்குறி இல்லாத ஒரு நாவலைச் செப்பனிட்ட நிகழ்வின் ஆய்வு

பின்னணி

ஒரு சிறு பதிப்பகத்துக்காகப் பிரதிகளைச் செப்பனிடும் பணியை நான் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். இங்கே பதிவு செய்வது ஒரு முதல் நாவலின் பிரதியோடு ஏற்பட்ட அனுபவம். எழுத்தாளர் ஒரு பள்ளி ஆசிரியை. நாவலின் களம் தூத்துக்குடிப் பக்கத்து உப்பளம். கூலிக்குப் பாத்தி மிதித்தே வாழ்நாளைக் கழித்த மூதாட்டி ஒருத்தி, மழை பிடித்து அளத்தில் வேலை நின்றுபோன ஓர் இரவில், தன் பேத்தியிடம் நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே போவதுதான் கதை. கதைசொல்லியும் அவளே, ‘நான்’ என்று வரும் இடமெல்லாம் அவளைத்தான் குறிக்க வேண்டும். இந்தச் சிறு செய்தி பின்னால் எவ்வளவு பெரிதாகப் போகிறது என்பது அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.

பிரதியில் மேற்கோள்குறி ஒன்றுகூட இல்லை. கேள்விக்குறியும் உணர்ச்சிக்குறியும் இல்லை. பெரும்பாலான அத்தியாயங்களில் முற்றுப்புள்ளி பத்தியின் இறுதியில் மட்டுமே வந்தது; இடையிலுள்ள சுமையையெல்லாம் காற்புள்ளியே தாங்கியது. பதிப்பகத்தின் வழக்கமோ இதற்கு நேர்மாறானது. நேர்ப்பேச்சு இரட்டை மேற்கோளில், மனத்துக்குள் நினைப்பது ஒற்றை மேற்கோளில், விளிக்குப் பின் காற்புள்ளி, வினாவுக்குக் கேள்விக்குறி என்று நான்கு பக்கக் குறிப்பு ஒன்று எங்களிடம் இருக்கிறது.

முதல் வாசிப்பும் முதல் தவறும்

பிரதியின் முற்பாதி பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டு, பின்னர் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றப்பட்டிருந்தது. அந்த எழுத்துருவோடு பழகியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: அதில் அரைப்புள்ளியின் விசையை அழுத்தினால் மெய்யெழுத்தின் புள்ளி விழும், காற்புள்ளியின் விசையை அழுத்தினால் ‘இ’ விழும், உண்மையான காற்புள்ளிக்கு வேறொரு விசையைத் தேட வேண்டும். இப்படி எழுத்தும் குறியும் இடம் மாறிக் கிடப்பதால், மாற்றும் மென்பொருள் தடுமாறும்போது முதலில் அடிபடுபவை நிறுத்தக்குறிகளே. இதற்கு முன் இரண்டு பிரதிகளில் அவ்வாறு குறிகள் உதிர்ந்துபோனதை நான் பார்த்திருந்தேன். ஆகவே இதுவும் அப்படிப்பட்ட விபத்துதான் என்று எண்ணி, எழுத்தாளரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மூன்று வாரம் உட்கார்ந்து முழு நாவலுக்கும் குறிகளைப் போட்டு முடித்தேன்.

பிற்பாதி நேரடியாக ஒருங்குறியிலேயே தட்டச்சானது. அதிலும் குறிகள் இல்லை. அந்த ஒன்றே எனக்கு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். முன்முடிவோடு வாசிப்பவனுக்குச் சான்று கண்ணெதிரே இருந்தும் படாது.

எழுத்தாளரின் வாதம்

திருத்திய பிரதியைப் பார்த்த எழுத்தாளர் கோபப்படவில்லை. நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். அதில் மூன்று வாதங்கள் இருந்தன.

முதலாவது வரலாறு. ஓலைச்சுவடியில் காற்புள்ளியும் இல்லை, கேள்விக்குறியும் இல்லை. ஓலை கிழிந்துவிடும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட இடாமல் எழுதிய மரபு நம்முடையது. இந்தக் குறிகளெல்லாம் அச்சோடும் ஐரோப்பியரோடும் வந்தவை. உரைநடைப் பதிப்பில் அவற்றை முறையாகக் கையாண்ட ஆறுமுக நாவலர் (1822–1879) நமக்கு நேற்றைய மனிதர்தான் என்றார். இரண்டாவது, உலக நாவலிலிருந்து ஒரு முன்மாதிரி. போர்த்துகீசிய எழுத்தாளரும் 1998ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றவருமான ஜோசே சரமாகோ மேற்கோள்குறியே இல்லாமல், காற்புள்ளிகளால் மட்டும் பிரித்து, பக்கக்கணக்கில் உரையாடலை எழுதியிருக்கிறார். எழுத்தாளர் அவரை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்திருந்தார். மூன்றாவது வாதம் கடிதத்தில் இரண்டே வரியில் இருந்தது. பிறகு தொலைபேசியில் பேசும்போது அதையே வேறுவிதமாகச் சொன்னார்: “எல்லாரோட பேச்சும் அந்தக் கிழவி வாய் வழியாத்தானே சார் வருது? கணக்குப்பிள்ளை பேசினாலும் அவதான் பேசுறா. அவ தொண்டைக்குள்ள எங்க இருக்கு மேற்கோள்குறி?”

முதல் வாதத்தை என்னால் பாதிதான் ஏற்க முடிந்தது. சுவடியில் இருந்தவற்றுள் பெரும்பகுதி செய்யுள். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை யாப்பும் ஓதும் குரலும் காட்டின. அவை போதாதபோது உரையாசிரியர் வந்து பிரித்துக் காட்டினார். பழைய உரைகளில் ‘என்க’, ‘என்றவாறு’ என்று முடித்து முடித்துச் செல்வதைப் பார்க்கிறோம். குறி இல்லாத காலத்தில் சொல்லே குறியாக நின்றது என்பதற்கு அதுவே சாட்சி. ஆகவே ஓலைக்காலத்தில் ஒன்றுமே இல்லை என்பது சரியன்று; வேறொன்று இருந்தது.

இரண்டாவது வாதத்தில் எழுத்தாளர் கவனியாத ஒன்று இருந்தது. சரமாகோ மேற்கோள்குறியை எடுத்தபோது அந்த வேலையைச் செய்ய வேறோர் ஆளை அமர்த்திவிட்டுத்தான் எடுத்தார். காற்புள்ளிக்குப் பின் பெரிய எழுத்து வந்தால் பேசுபவர் மாறிவிட்டார் என்று பொருள். வாசகர் இரண்டு பக்கத்தில் அதற்குப் பழகிவிடுவார். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே கிடையாது. அவருடைய பக்கத்தை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் காற்புள்ளி மட்டும் வரும். காவலாள் எல்லையிலேயே நின்றுவிடுவான்.

மூன்றாவது வாதத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை. அது நாவலின் உள்ளிருந்தே வந்த காரணம். நான் போட்டிருந்த மேற்கோள்குறிகளோடு மறுபடி வாசித்துப் பார்த்தபோது, கிழவி கதை சொல்வதை நிறுத்திவிட்டு, பாத்திரங்கள் ஒவ்வொருவராக மேடையேறி வசனம் பேசுவதுபோலத்தான் இருந்தது. போட்ட குறிகளை எடுத்துவிடுவது என்றும், எடுத்த பின் எங்கே வாசிப்பு தடுக்குகிறது என்று பார்ப்பது என்றும் அன்று முடிவு செய்தோம்.

மூவர் வாசித்தபோது

இரண்டு அத்தியாயங்களை, எழுத்தாளர் அனுப்பியபடியே, மூன்று பேரிடம் கொடுத்தோம். ஒருவர் தூத்துக்குடிக்காரர், மற்ற இருவருக்கும் அந்த வட்டார வழக்கு புதிது. வாய்விட்டு வாசிக்க வேண்டும், தடுமாறிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும், காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று கேட்டுக்கொண்டோம். காரணம் கேட்டால் வாசகர் இலக்கண ஆசிரியராக மாறிவிடுவார். நமக்கு வேண்டியது தடுமாற்றம் மட்டுமே.

விழுந்த கோடுகளைவிட விழாத கோடுகளே முதலில் வியப்பளித்தன. கேள்விக்குறி இல்லாத வினாக்களில் பெரும்பாலானவற்றை மூவரும் சரியான குரலில் கடந்து சென்றார்கள். வினாவை உணர்த்தும் எழுத்துகளை நன்னூல் வரையறுத்துத் தந்திருக்கிறது: எ, யா சொல்லின் முதலிலும், ஆ, ஓ இறுதியிலும், ஏ இரண்டிடத்திலும் வரும். ‘சாப்புட்டியா’ என்ற சொல்லின் இறுதியிலேயே வினா அமர்ந்திருக்கும்போது, அதற்குப் பின் வரும் குறி ஒரு மரியாதைக்காக நிற்கிறது, அவ்வளவே. அதேபோல் மேற்கோளை மூடும் குறி இல்லாததற்காகவும் யாரும் தடுமாறவில்லை. ‘என்று’ என்ற சொல், வட்டார வழக்கில் ‘ன்னு’, அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது. பிறர் வழியாகக் கேட்டது என்பதை ‘வந்தானாம்’ என்பதன் ‘ஆம்’ காட்டிக்கொடுத்தது. அடுக்கிச் சொல்லும் இடத்தில் எண்ணும்மை காற்புள்ளியின் வேலையைச் செய்தது.

கோடுகள் விழுந்த இடங்கள் நான்கு வகைப்பட்டன.

முதல் வகை, விளி. ‘அத்தை வீட்டுல இல்ல’ என்ற தொடரில் மூவரும் மூன்று விதமாக நின்றார்கள். அத்தை வீட்டில் இல்லை. அத்தையின் வீட்டில் இல்லை. அத்தையை அழைத்து, அவர் வீட்டில் இல்லை என்று சொல்வது. மூன்றும் ஒரே எழுத்துகள்தாம். தமிழில் ஆறாம் வேற்றுமை உருபு தொக்கு நிற்கும். உறவுப்பெயர் பலவும் எழுவாயாக நிற்கும் அதே வடிவிலேயே விளியாகவும் நிற்கும். இந்த இரண்டும் சேருமிடத்தில் காற்புள்ளி ஒன்றுதான் துணை. உறவுமுறை சொல்லியே ஒருவரையொருவர் அழைத்துக்கொள்ளும் மனிதர்களைப் பற்றிய நாவலில் இது பக்கத்துக்கு இரண்டு முறையாவது வந்தது.

இரண்டாம் வகை, ‘ன்னா’. ‘வாரேன்னா’ என்பது ‘வாரேன் என்றாள்’ என்பதாகவும் ஆகலாம், ‘வாரேன் என்றால்’ என்பதாகவும் ஆகலாம். பேச்சில் குரல் பிரித்துவிடும். எழுத்தில் வாசகர் வாக்கியத்தின் கடைசிவரை போய்த் திரும்பி வர வேண்டியிருந்தது.

மூன்றாம் வகை, குரலால் மட்டுமே வினாவாகும் தொடர்கள். ‘நீயும் வார’ என்பது செய்தியா கேள்வியா என்பதைச் சொல்ல அதில் எந்த எழுத்தும் இல்லை.

நான்காம் வகைதான் எங்களை நெடுநாள் பிடித்துவைத்தது. ‘மேஸ்திரி நேத்து சாயங்காலம் லாரி வந்துச்சுன்னு சொன்னாரு’ என்ற வாக்கியத்தில், நேற்றுச் சாயங்காலம் வந்தது லாரியா, நேற்றுச் சாயங்காலம் சொன்னது மேஸ்திரியா? பேச்சு எங்கே முடிகிறது என்பதைத் தமிழ் சொல்லாலேயே தெரிவித்துவிடுகிறது. எங்கே தொடங்குகிறது என்பதைத் தெரிவிக்க அதனிடம் சொல் இல்லை. சொன்னவர் முன்னால் வந்து, சொன்ன செய்தி நடுவில் நின்று, ‘என்று சொன்னார்’ இறுதியில் வருவது நம் தொடரமைப்பு. ஆகவே சொன்னவருக்கும் செய்திக்கும் இடையே வேலி எங்கே என்பது தெரிவதில்லை. இத்தனை ஆண்டுகளாக மேற்கோள்குறியைச் சோடியாகவே பார்த்துப் பழகிய எனக்கு, தமிழில் அந்தச் சோடியில் ஒன்று அலங்காரம், மற்றொன்று அவசியம் என்பது அப்போதுதான் புரிந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மேற்கோள்குறி நாவல் முழுவதும் கிடையாது என்பதை முதலில் உறுதி செய்தோம். பேச்சின் தொடக்கத்தில் ஒரு கோடு மட்டும் இடலாமா என்றும் யோசித்தோம். மேற்கோள்குறியை வெறுத்த ஐரிஷ் நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜாய்ஸ் அந்தக் கோட்டைத்தான் பயன்படுத்தினார். ஒரு அத்தியாயத்தில் இட்டுப் பார்த்தோம். கோடு வந்தால் வரி முறிய வேண்டியிருந்தது, வரி முறிந்தால் கிழவியின் மூச்சும் முறிந்தது. விட்டுவிட்டோம்.

தொடக்கத்தைக் காட்டும் வேலையைத் தொடரமைப்பிடமே ஒப்படைத்தோம். சொன்னவரின் பெயரைப் பேச்சுக்குப் பின்னால் தள்ளினால், பேச்சு வாக்கியத்தின் தலையில் வந்துவிடும்: ‘நேத்து சாயங்காலம் லாரி வந்துச்சுன்னு மேஸ்திரி சொன்னாரு.’ அதற்கு முந்தைய வாக்கியம் முடிந்துவிட்டது என்பது மட்டும் தெரிந்தால் போதும். முற்றுப்புள்ளி இட வேண்டும் என்றேன் நான். புயலடித்த இரவைச் சொல்லும் அத்தியாயம் ஒரே ஓட்டமாகப் போக வேண்டும், அதில் முற்றுப்புள்ளிக்கு இடமில்லை என்றார் எழுத்தாளர். இந்த இழுபறியில் இரண்டு வாரம் போயிற்று. வழி இலக்கணத்திலேயே இருந்தது: தமிழ் வாக்கியத்தை உண்மையில் மூடுவது வினைமுற்று. ‘கதவு அடிச்சுக்கிச்சு,’ என்ற இடத்தில் காற்புள்ளி நின்றாலும் வாசகரின் காதில் முற்றுப்புள்ளிதான் விழும். ‘கதவு அடிச்சுக்கிட்டு,’ என்று எச்சத்தில் நின்றால் விழாது. ஆகவே, ஒருவருடைய பேச்சு வினைமுற்றுக்குப் பின்னால் மட்டுமே தொடங்கலாம், எச்சத்துக்குப் பின்னால் தொடங்கக் கூடாது என்று வகுத்துக்கொண்டோம். அவர் விரும்பிய ஓட்டமும் குறையவில்லை.

விளிக்குப் பின் காற்புள்ளி எங்கும் கட்டாயம் ஆயிற்று. அதில் விவாதமே எழவில்லை. ‘ன்னா’வுக்குத் தீர்வு எழுத்தாளரிடமிருந்தே வந்தது. ‘என்றாள்’ என்ற பொருளில் மட்டும் ‘ன்னா’ என்றும், ‘என்றால்’ என்ற பொருளில் ‘ன்னாக்க’ என்றும் எழுதலாம் என்றார். இரண்டுமே மக்கள் வாயில் உள்ள வடிவங்கள் என்பதால் எதுவும் செயற்கையாகத் தெரியவில்லை. குறியால் ஆகாததைச் சொல்லால் ஆக்கிக்கொண்ட அந்தத் தீர்வு, நான் கொடுத்த எந்தத் தீர்வையும்விட மேலானது.

வினா எழுத்தோ வினாச்சொல்லோ இல்லாத வினாக்களுக்கு மட்டும் கேள்விக்குறி இடுவது என்றும், மற்றவற்றுக்கு இடுவதில்லை என்றும் முடிவு செய்தோம். தர்க்கத்தில் இதற்குக் குறை சொல்ல முடியாது என்று அப்போது நினைத்தேன்.

பன்னிரண்டாம் அத்தியாயத்து வாக்கியம்

பெண்கள் சுமந்த உப்புப்பெட்டிகளின் எண்ணிக்கையைக் கிழவி, அப்போது இளம் மனைவி, ஒரு நோட்டில் எழுதிவந்தாள். கூலி குறைந்துபோனபோது, அந்த நோட்டில் யாரோ கணக்கைத் திருத்தியிருப்பதாகப் பிரச்சினை எழுகிறது. கணக்குப்பிள்ளையின் முன்னால் கணவனை நிறுத்தி விசாரிக்கிறார்கள். கிழவி பேத்தியிடம் சொல்கிறாள்: ‘நான்தான் கணக்கத் திருத்துனேன்னு ஒங்க தாத்தா சொல்லிட்டாரு.’

நாங்கள் வகுத்த விதிகள் அனைத்தையும் இந்த வாக்கியம் நிறைவேற்றுகிறது. பேச்சு வாக்கியத்தின் தலையில் இருக்கிறது, சொன்னவர் பின்னால் இருக்கிறார், ‘ன்னு’ மூடிவைக்கிறது. இருந்தும், அந்த ‘நான்’ யார்? தாத்தா பழியைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டாரா, மனைவியின் தலையில் போட்டுவிட்டாரா? ‘என்று’ வரும் தொடரில் ‘நான்’ என்பது பேசியவரையும் குறிக்கலாம், அதை எடுத்துச் சொல்பவரையும் குறிக்கலாம். மேற்கோள்குறி இருந்தால் முதற்பொருள் ஒன்றுதான் நிற்கும். என் முதல் திருத்தத்தில் நான் குறியை இட்டிருந்தேன்; அதாவது, தாத்தாவை ஒரு சொட்டு மையில் தியாகியாக்கியிருந்தேன், அதை உணராமலே.

எழுத்தாளரிடம் கேட்டபோது சிறிது நேரம் பேசவில்லை. தம் மனத்தில் இருந்தது ஒரே பொருள்தான் என்றும், மற்றது இருப்பதை இப்போதுதான் பார்ப்பதாகவும் சொன்னார். எந்தப் பொருள் மனத்தில் இருந்தது என்று நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் தம் முடிவைத் தெரிவித்தார்: வாக்கியம் அப்படியே நிற்கட்டும், ஆனால் அடுத்த பக்கத்தில் பேத்தி குறுக்கிட்டு, யாரைச் சொன்னாரு ஆச்சி, என்று கேட்க வேண்டும், கிழவி மழையைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்லாமல் விட வேண்டும். இந்த நான்கு வரிகள் முதற்பிரதியில் இல்லை. வாசகர் தம் கவனக்குறைவால் குழம்பவில்லை, கதை வேண்டுமென்றே மூடிவைக்கிறது என்று தெரிவிக்க அவை தேவைப்பட்டன. அந்த ‘யாரைச் சொன்னாரு ஆச்சி’ என்ற வரியில் விளிக்கு முன்னும் காற்புள்ளி வேண்டுமா என்று மெய்ப்புப் பார்த்தவர் கேட்டார். விளி இறுதியில் வரும்போது மயக்கம் இல்லை என்பதால் விட்டுவிட்டோம்.

அச்சுக்குப் பின்

நூல் வெளிவந்து வந்த கடிதங்களில் மேற்கோள்குறி இல்லாததைக் குறையாகச் சொன்னவை மிகக் குறைவு. ஓரிருவர் முதல் சில பக்கங்களில் திணறியதாகவும் பிறகு பழகிவிட்டதாகவும் எழுதியிருந்தார்கள். நான் குறை காண முடியாது என்று நினைத்திருந்த முடிவுதான் அடிபட்டது. சில வினாக்களுக்குக் கேள்விக்குறி இருந்து பலவற்றுக்கு இல்லாததை வாசகர்கள் விதியாகப் பார்க்கவில்லை; அச்சுப்பிழையாகப் பார்த்தார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் விடுபட்ட கேள்விக்குறிகளைப் பக்க எண்ணோடு பட்டியலிட்டு, மறுபதிப்பில் சேர்க்குமாறு அன்போடு அனுப்பியிருந்தார். எங்கள் விதியின் காரணம் எங்களுக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

ஒலிநூலுக்காக வாசித்த பெண்மணி பன்னிரண்டாம் அத்தியாயத்துக்கு வந்ததும் என்னை அழைத்தார். தாளில் இரண்டு பொருளோடு நிற்கும் வாக்கியத்தைக் குரலில் அப்படி நிறுத்த முடியவில்லை என்றார். ‘நான்தான்’ என்பதற்குப் பின் சிறிது தயங்கினால் தாத்தா ஏற்றுக்கொண்டதாகிறது; தயங்காமல் மனத்தாங்கலோடு சொன்னால் காட்டிக்கொடுத்ததாகிறது. இரண்டு விதமாகவும் வாசித்து அனுப்பினார். எழுத்தாளர் இரண்டையும் ஏற்கவில்லை. உணர்ச்சி எதுவும் ஏற்றாமல், பெட்டிக் கணக்கை ஒப்பிப்பதுபோல வாசிக்கச் சொன்னார். பதிவில் இருப்பது அந்த மூன்றாவது வாசிப்பு.

இனி மாற்றிக்கொள்வன

குறிகள் இல்லாத பிரதி வந்தால், ஒரு குறியும் இடுவதற்கு முன் எழுத்தாளரைக் கேட்கிறேன். எழுத்துரு மாற்றிய பிரதியாக இருந்தால் மூலக்கோப்பையும் கேட்டு வாங்கி ஒப்பிடுகிறேன். முதல் இருபது பக்கத்தை அவர் வாய்விட்டு வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்து அனுப்பச் சொல்கிறேன்; எங்கே நிறுத்துகிறார் என்பது அவருடைய விளக்கக் கடிதத்தைவிட நம்பத்தக்கது.

கேள்விக்குறி பற்றிய முடிவை மறுபதிப்பில் மாற்றவிருக்கிறோம். குறி எஞ்சியிருக்கும் வினாக்கள் அதிகமில்லை. அவற்றைத் திருத்தி எழுத எழுத்தாளர் இசைந்திருக்கிறார்: ‘நீயும் வார?’ என்பது ‘நீயும் வாரியா’ என்றாகும். ஒரே ஓர் இடத்தில் மட்டும், கணக்குப்பிள்ளை கிழவியைப் பார்த்து ‘நீ எழுதுன?’ என்று கேட்கும் இடத்தில், ‘எழுதுனியா’ என்று மாற்றினால் அவருடைய ஏளனம் போய்விடுகிறது. அந்த ஒற்றைக் கேள்விக்குறியை வைத்திருப்பதா என்பது பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.